பூசணிக்கு ஒரு கண்

பூசணிக்காய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

உச்சியில் காம்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு வழவழவென்று ஒரு தண்டு. அதன் நுனியில் மிளகு அளவில் கறுப்பாக ஒரு கண். நத்தையின் கண்.

பக்கத்திலேயே நத்தை இருந்தது. அதன் தலையில் இடது பக்கம் கண் ஒழுங்காக நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பட்டை பட்டையாக, பச்சையாக, கட்டைவிரல் தடிமனில் பூசணியின் காம்பு.

அவர் துணியை மறுபடி போட்டு மூடினார். மூச்சை இழுத்துவிட்டுத் திறந்தார். பூசணி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவதாக மனித மூளை. இடுப்பில் வளையம் போட்ட வெள்ளைக் காளான் தண்டின் மேல், மழைக்கு ஒதுங்கிய மாதிரி நின்றது. நான்காவதாகக் காளான். அதன் குடைக்குக் கீழே நரம்பு முனைகள் மஞ்சளாகத் துருத்திக்கொண்டிருக்க, மனிதனின் மூளைத்தண்டு.

"அண்ணே, இந்தக் காளான் நம்மளைவிடப் புத்திசாலி போலிருக்கே" என்று பின்னாலிருந்து வண்ணக்காரம்மாவின் குரல் வந்தது.

"சத்தம் போடாதேம்மா. முதலாளி காதுல விழும்."

பள்ளிக்கூடங்களுக்குப் பாட மாதிரிகள் செய்து கொடுக்கும் பட்டறை அது. இதயம், எலும்புக்கூடு, பாதியாக வெட்டிய பூ, வயிறு திறந்த தவளை, எது கேட்டாலும் செய்வார்கள். ஆர்டர் எடுப்பதும் அச்சில் வார்ப்பதும் மேஸ்திரி. வண்ணம் அடிப்பது வண்ணக்காரம்மா. பாகங்களைச் சேர்த்து ஒட்டுவது இவர். பதினெட்டு வருடமாக ஒட்டுவதால் எல்லோருக்கும் இவர் 'பசை'. சொந்தப் பெயரை மனைவி மட்டும்தான் சொல்லுவார், அதுவும் கோபம் வந்தால்.

பசை ஒட்டியது பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது. தப்பாக ஒட்டியது உண்டு. போன மாதம் ஓர் எலும்புக்கூட்டுக்கு இரண்டு இடது பாதங்களை ஒட்டி அனுப்பி, அது போன வழியே திரும்பி வந்தது. முதலாளி அதைப் பட்டறை நடுவில் நிறுத்தி வைத்து, அதற்கும் இவருக்கும் சேர்த்தே பேசினார்.

"இனிமே ஒரே ஒரு பொருள் தப்பா ஒட்டித் திரும்பி வந்துச்சுன்னா, நீ இங்க திரும்பி வராதே."

எலும்புக்கூடு சிரித்துக்கொண்டே கேட்டது. இவரால் அப்படி முடியவில்லை.

ஐம்பத்தோரு வயதில் வேறு வேலை தேடிப் போனால், "என்ன தெரியும்?" என்பார்கள். "கல்லீரலை ஒட்டத் தெரியும்" என்று சொல்லிப் பிழைக்கவா முடியும்? மனைவியிடம் இந்த எச்சரிக்கையை அவர் இன்னும் சொல்லவில்லை. மகளிடம் சொல்வதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் படிக்கும் பள்ளியின் அறிவியல் அறையில் ஓர் இதயம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "எங்கப்பா ஒட்டினது" என்று தோழிகளிடம் காட்டுவாளாம்.

எலும்புக்கூட்டுக்குப் பிறகு மேஸ்திரி ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஓர் எண், அது போக வேண்டிய குழிக்குள் அதே எண். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. ஒட்டுகிறவர் பொருளைப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும். அச்சுச் செலவு மிச்சம் என்று எல்லாக் குழியும் ஒரே அளவு. எதுவும் எதிலும் உட்காரும்.

நேற்று சாயங்காலம் அப்படித்தான் எண்ணை மட்டும் பார்த்து ஒட்டி, மூடி வைத்துவிட்டுப் போனார். ஒட்டிய பிறகு எண் உள்ளே போய்விடும். மறுபடி பார்க்க வழியில்லை.

"எண்ணு பார்த்துத்தானேம்மா ஒட்டினேன். எப்படி மாறும்?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, கைபேசி அடித்தது. மனைவி.

"உங்க மூஞ்சியில என்ன இருக்கு?"

"என்ன கேள்வி இது? மூக்கு இருக்கு."

"மூக்கு மேல?"

தடவிப் பார்த்தார். "கண்ணாடி."

"யாரு கண்ணாடி? நேத்துக் காலையிலேர்ந்து எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. கண்ணு போச்சோன்னு பயந்து போயிட்டேன். என்னோடதை நீங்க மாட்டிக்கிட்டுத் திரியறீங்க!"

ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரிச் சட்டம் போட்டு வாங்கியதன் பலன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். நேற்றெல்லாம் உலகம் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்ததற்குக் காரணம் புரிந்தது. முதலாளிகூடச் சற்று இளைத்த மாதிரி இருந்தார்.

"சரி, வை. இங்க தலை போற வேலை" என்று வைத்தார். எந்த எண்ணை எந்த எண்ணாகப் படித்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மேஸ்திரியைக் கேட்டுவிடலாம். ஆனால் அவருக்கு நேற்று மாலை அச்சுப் பெட்டியைத் தூக்கியதில் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. தண்டுகள் எல்லாம் இடம் மாறுகிற வாரம் போலிருக்கிறது. பசை கூப்பிட்டார். மல்லாந்து படுத்திருந்தவர் மணி நாலு தடவை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"மேஸ்திரி, நான் பசை பேசறேன். முதுகு எப்படி இருக்கு?"

"முதுகு அப்படியே இருக்கு. நான்தான் இல்லை. என்ன விஷயம்?"

"இல்ல, இந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டர்ல ஒரு சின்னச் சந்தேகம். பூசணிக்கு..."

"நம்பரைப் பார்த்து ஒட்டினியா?"

"பார்த்துதான் ஒட்டினேன்னு நினைக்கிறேன்..."

"அதைத்தான் செய்யாதேன்னேன். நினைக்காதே! நீ நினைக்க ஆரம்பிச்சாலே எனக்கு இங்க நடு முதுகுல... அய்யய்யோ!"

ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு மேஸ்திரியின் மனைவி: "அண்ணே, கத்தினதுல பிடிச்சுக்கிச்சு. டாக்டர் அசையக் கூடாது, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. பேசினா அசையறாரு. நான் வெச்சிடறேன்."

மணி ஒன்பதரை. பள்ளிக்கூடத்து வண்டி நான்கு மணிக்கு வரும்.

"நாலு உருப்படி, அஞ்சு தண்டு" என்றார் பசை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு. "எடுத்து மாத்தி ஒட்டினா முடிஞ்சுபோச்சு."

"நீங்க ஒட்டினதை நீங்களே எடுக்கப் போறீங்களா?" என்றாள் வண்ணக்காரம்மா. அந்தக் குரலில் இருந்த இரக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை.

பூசணியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கண்ணைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ரப்பர் தண்டு முழ நீளத்துக்கு நீண்டது, விட்டதும் சடக்கென்று திரும்பிப் போய் நின்று முன்னைவிடக் கூர்மையாகப் பார்த்தது.

"சுடுதண்ணி ஊத்துங்கண்ணே. பசை இளகிடும்."

ஊற்றினார். பசை இளகவில்லை. ரப்பர் இளகியது. தண்டு மெதுவாக வளைந்து, கண் தலையைத் தொங்கப்போட்டது. அதற்கும் வேலை போய்விட்ட மாதிரி இருந்தது.

பசைக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. அந்த வேகத்தில் ஓங்கி ஒரு இழு இழுத்தார். இந்தத் தடவை தண்டு கையோடு வந்தது. கண்மணி மட்டும் தெறித்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, இரும்பு அலமாரிக்கு அடியில் ஓடிப்போனது.

இருவரும் தரையில் படுத்துக் குச்சியால் துழாவினார்கள். ஒரு தவளையின் ஈரல் வந்தது. போன வருடம் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்ட கடைவாய்ப்பல் வந்தது. கத்தரிக்கோல் வந்தது. கண் வரவில்லை.

பசை எழுந்தார். நடந்தார். திரும்பி வந்தார். பிறகு தன் சட்டையிலிருந்த இரண்டாவது பொத்தானைப் பிய்த்துத் தண்டின் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"எப்படி?"

"நாலு ஓட்டை தெரியுது. எல்லாப் பக்கமும் பார்க்கற நத்தை."

"வேற என்னதான் பண்றது?"

வண்ணக்காரம்மா பெருமூச்சு விட்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் ஒரு கறுப்பு மணி தொங்கியது. கத்தரிக்கோலால் நறுக்கிக் கையில் வைத்தாள்.

"கல்யாணமாகி இருபது வருஷத்துல எங்க வீட்டுக்காரர் தானா நெனச்சு வாங்கிக் கொடுத்த ஒரே பொருள். நத்தைக்குப் போகுது. போகட்டும்."

"வேண்டாம்மா..."

"ஒட்டுங்கண்ணே. உங்க வேலை போச்சுன்னா நான் யாரைக் கிண்டல் பண்ணுவேன்?"

நத்தையில் இருந்த பூசணிக் காம்பை ரம்பத்தால் அறுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்தண்டை ஒட்டினார். அது நிமிர்ந்து நிற்க வேண்டுமே என்று உள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் செருகினார். நின்றது. ஆனால் யார் நடந்தாலும் நடுங்கியது. நத்தையின் ஒரு கண் அமைதியாக இருக்க, மற்றது மட்டும் எதையோ கண்டு பயந்தது போல் ஆடியது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நன்றாக இருந்த கண்ணிலும் கம்பியைச் செருகினார். இப்போது நத்தை முழுசாகப் பயந்தது.

"பரவாயில்லை. நத்தை பயந்த பிராணிதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அறுத்த காம்பைப் பூசணியில் உட்கார வைத்தார். இரண்டு உருப்படி முடிந்தது. மணி பன்னிரண்டு.

மிச்சம் மூளையும் காளானும். காளானிலிருந்து மூளைத்தண்டை அறுத்ததில் அரை விரல் குறைந்துபோனது. "மூளைத்தண்டு கொஞ்சம் குள்ளமா இருந்தா என்ன, ஆளும் குள்ளம்னு நெனச்சுக்குவாங்க" என்று சமாதானம் சொன்னார். மூளையிலிருந்து காளான் தண்டை அறுத்ததில், அதன் அடி குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. துளைக்கும் கருவியை எடுத்து அடியிலிருந்து குடைந்தார். கண்ணில் தன் கண்ணாடி இல்லை, மனதில் பொறுமை இல்லை. திடீரென்று கருவி லேசானது.

"அண்ணே, மூளையில ஓட்டை விழுந்திருச்சு."

"யாரு மூளையில?"

"இப்போதைக்கு இந்த மூளையில."

உச்சந்தலைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அவர் அவசரமாக உள்ளங்கையில் பசையைக் கொட்டி, மரத்தூளைக் குழைத்து, ஓட்டையில் வைத்து அழுத்திப் பிடித்தார். ஐம்பது எண்ண வேண்டும். நாற்பது எண்ணும்போது வாசலில் முதலாளியின் செருமல் கேட்டது.

வண்ணக்காரம்மா ஒரே வீச்சில் துணியை இழுத்து மற்ற மூன்றையும் மூடினாள். பசை எழுந்து நின்றார். மூளை கையில் இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆச்சாப்பா?"

"ஆயிட்டே இருக்குங்க."

"கையை எதுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறே?"

"ஒரு மரியாதைக்குங்க."

"மரியாதைன்னா முன்னாலதானே கட்டணும்?"

"அது சாதாரண மரியாதைங்க."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாமல் உள்பனியன் எட்டிப் பார்த்தது. நெற்றியில் வியர்வை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே துணியின் முனையைத் தூக்கப் போனார்.

"ஐயா, ஈரம்! சட்டையில ஒட்டினா போகாது" என்று கத்தினாள் வண்ணக்காரம்மா.

முதலாளி சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். "இதோ பாரு பசை. இந்த ஆர்டரை நான் ஊர்ல இல்லாதப்போ மேஸ்திரி எடுத்தாரு. அவரு படுத்துட்டாரு. அதனால வண்டி வந்ததும் நானே ஒண்ணொண்ணாப் பார்த்துத்தான் அனுப்பப் போறேன். ஆபீஸ்ல படம் போட்ட புஸ்தகம் இருக்கு. படத்துல உள்ள மாதிரி இல்லைன்னா, அன்னைக்குச் சொன்னதுதான்."

"சரிங்க."

"நீ நல்லவன்தான்யா. அதை வெச்சு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் பசை கையை முன்னால் கொண்டுவந்தார். மூளையும் வந்தது. உதறினார். மூளையும் உதறியது. அவர் ஒட்டியது பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இப்படியே அனுப்பிடலாமாண்ணே? கூடவே நீங்களும் போயிடுங்க. பிள்ளைங்களுக்கு விளக்கமாச் சொல்லலாம்."

"சிரிக்காதேம்மா. வலிக்குது."

வண்ணம் கரைக்கும் திரவத்தை ஒரு வாளியில் ஊற்றிக் கையை முக்கி உட்கார்ந்தார். கால் சும்மா இருக்கவில்லை, தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாளிக்குள் மூளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மோசமான நிலை ஒன்றை அவர் யோசித்துப் பார்த்தார். மாலையில் வீட்டுக்குப் போய், "நாளையிலேர்ந்து எனக்கு லீவு" என்று சொல்வது. மகள், "எவ்வளவு நாளுப்பா?" என்று கேட்பது.

இரண்டு மணிக்கு மூளை விட்டது. கூடவே உள்ளங்கைத் தோலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அதன் இளஞ்சிவப்புச் சாயம் இவர் கையில் தங்கிவிட்டது. மூளையின் உச்சியில் பசையின் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"இங்க கொண்டாங்க" என்று வாங்கினாள் வண்ணக்காரம்மா. "மூளையே மடிப்பும் கோடுமாத்தானே இருக்கு. உங்க ஆயுள் ரேகையை இந்த மடிப்போட சேர்த்துடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் மெல்லிய தூரிகையால் மடிப்புகளை வரைந்துகொண்டே வந்தாள். அவர் மூளைத்தண்டைக் குழியில் பொருத்தினார். காளான் தண்டைக் காளானுக்குக் கொடுத்தார். இந்த முறை எண்ணைப் பார்க்கவில்லை. பொருளைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு தண்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, நீ யார், எதைத் தாங்குகிறவன் என்று உட்கார்ந்து பார்த்தார். மூளைத்தண்டு கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் வழியாகத்தான் மூச்சும், தூக்கமும், முழுங்குவதும் போய் வருகின்றன என்று மகள் ஒருநாள் படித்துக் காட்டியிருந்தாள். பூசணிக் காம்பு கையளவுதான். ஒரு கொடியின் தண்ணீரையெல்லாம் அதுதான் காய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நத்தைக்கோ, கண் இருப்பதே காம்பின் நுனியில்தான். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அந்த வசதி மனிதனுக்கு இல்லையே என்று இருந்தது அவருக்கு.

மூன்றே முக்காலுக்கு நான்கும் மேஜைமேல் வரிசையாக நின்றன. மூளை சற்றுக் குள்ளமாக. காளான் சற்றுச் சாய்வாக. பூசணி கம்பீரமாக. நத்தை இலேசாக நடுங்கியபடி.

நான்கு மணிக்கு முதலாளி புத்தகத்தோடு வந்தார். பூசணிப் படத்தைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். நத்தையைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியது.

"ஆடுதே?"

"உசிரோட்டமா இருக்கட்டும்னுதாங்க" என்றாள் வண்ணக்காரம்மா.

முதலாளி தலையாட்டினார். காளானைச் சுற்றி வந்தார். மூளையைக் கையில் எடுத்துத் திருப்பி, தண்டைத் தடவிப் பார்த்தார்.

முதலாளி புத்தகத்தை மூடினார்.

"பசை."

"ஐயா."

"நான் அன்னைக்குச் சொன்னதை மறந்துடு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த எலும்புக்கூட்டு விஷயத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்கும் சோறு இறங்கலை. இதைப் பார்த்தா மனசுக்கு நிம்மதியா இருக்கு. எல்லாம் எங்க இருக்கணுமோ அங்க இருக்கு."

பசை கையைக் கட்டினார், இந்த முறை முன்னால். வண்ணக்காரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த தூரிகையை மறுபடியும் துடைத்தாள். வெளியே வண்டி வந்து நின்றது.

ஓட்டுநர் உள்ளே வந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று. வணக்கம் சொல்லி, அட்டைப் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார்.

"நல்லாப் பார்த்துக்கங்க" என்றார் முதலாளி, பசையின் தோளில் கை போட்டுக்கொண்டு. "இவருதான் ஒட்டினாரு. ஒண்ணுகூட திரும்பி வராது."

ஓட்டுநர் காகிதத்தைப் பிரித்தார். பூசணியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். குனிந்து நத்தையைப் பார்த்தார். மூளையைத் தூக்கி அடியில் பார்த்தார். காளானையும் தூக்கிப் பார்த்தார். பிறகு காதைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தார்.

"ஐயா, எந்தத் தண்டு இடம் மாறியிருக்குன்னு பிள்ளைங்க கண்டுபிடிக்கிற போட்டிக்கு, வேணும்னே மாத்தி நம்பர் போட்டு ஒட்டித் தரேன்னு உங்க மேஸ்திரி சொன்னாரே... இதுல தேடித் தேடிப் பார்த்தும் ஒரு தப்புகூட இல்லையே?"